இரட்டை அடைப்புக்குறிக்குள் மாத்தூர்

படிமம் என்று தொடங்க வேண்டும்.
பிறகு முக்காற்புள்ளி, கோப்பின் பெயர்,
செங்குத்தாய் ஒரு கோடு.
கவிதைக்காரர்கள் இந்தச் சொல்லை வைத்து
என்னென்னவோ செய்கிறார்கள்.
விக்கியில் படிமம் என்றால்
படம், அவ்வளவுதான்.

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடைபோட்டுக் கணக்கெழுதுகிறேன்.
மழை பிடித்தால் பால்வெட்டு இல்லை,
வெட்டு இல்லையென்றால் எடை இல்லை.
இடவப்பாதியில் எனக்கு நேரம் உண்டு.
தொட்டிப்பாலத்தின் பக்கம்
அப்படித்தான் என் கைக்கு வந்தது.

முதல் நாள் அளவு சொல்லாமல் விட்டுவிட்டேன்.
பாலம் திரையைத் தாண்டி நீண்டு
பத்திகளை எல்லாம் கீழே தள்ளியது.
பறளியாறு எங்கே பிறக்கிறது என்ற வாக்கியம்
எங்கோ அடியில், உருட்டி உருட்டித் தேட வேண்டியிருந்தது.
சிறுபடம் என்று ஒரு சொல் சேர்த்தேன்.
இருநூற்றிருபது பிக்சல்.
நடந்தால் தலை சுற்றும் பாலம்
தீப்பெட்டி மேல் ஒட்டிய படமாகிவிட்டது.
விளக்கத்தில் இருபத்தெட்டுத் தூண் என்று எழுதியிருந்தேன்.
எண்ணினால் பதினொன்று.
மீதியை மரங்கள் தின்றிருந்தன.

வலதில் வைத்தேன்.
தகவல் பெட்டி முன்பே அங்கே
சன்னலோர சீட்டைப் பிடித்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தது.
படம் அதன் காலடிக்கு நழுவி
'பேருந்து வசதி'க்குப் பக்கத்தில் போய் நின்றது.
நடுவில் வைத்தால் இருபுறமும் வெறுமை,
துக்க வீட்டுப் படம்போல.
சரி, இடது.

பெர்லினுக்கு அனுப்பினேன்.
மார்த்தாண்டத்தில் வங்கித் தொலைபேசி எடுப்பவன்.
பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது,
எழுத்துப்பிழையைக் காதால் பிடிப்பான்.
ராத்திரி கூப்பிட்டான்:
'எழுத்து கொள்ளாம்டே.
நடுவுல ஒருத்தி வந்து
ஐ எம் ஜி நாலு ஆறு ரெண்டு ஏழுன்னு சொல்லுகா.
அது என்னது, உனக்க வண்டி நம்பரா?'

அன்றைக்குத்தான் அந்தக் கடைசிக் கட்டத்தைக் கவனித்தேன்.
மாற்று உரை.
படம் தெரியாத இடத்தில் படத்துக்காக நிற்கும் வரி.
'ஆற்றின் குறுக்கே உயரமான பாலம்' என்று நிரப்பினேன்.
'உயரம்னா?'
நூற்றுப்பதினைந்து அடி.
'பேங்குல நாள் முழுக்க நம்பர்தான் கேக்கேன். வேற சொல்லு.'

வேறு சொல்ல வரவில்லை.
ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கூட்டிப் போனேன்.
தொட்டியை மூடிய பலகைகளின் மேல்
என் முழங்கையைப் பிடித்தபடி நடந்தான்.
பாதி வழியில் நின்று,
செருப்பைக் கழற்றினான்.
'காலுக்கடியில ஒரு வெள்ளம் ஓடுது.
அதுக்குக் கீழ, ரொம்பக் கீழ, இன்னொண்ணு.'
சற்றுக் கழித்து
'காக்கா கரையுதுல்லா?' என்றான்.
ஆமாம்.
'நம்ம காலுக்குக் கீழயா இருந்து?'
ஆமாம்.
'அப்போ அத எழுது.'

படத்தில் இருப்பதை மட்டும்தான் எழுதலாம், அது விதி.
என் பழைய படத்தில் காகம் இல்லை.
கைப்பிடிச் சுவரில் வயிறு அழுந்த
நாற்பத்தொரு முறை அழுத்தினேன்.
ஒன்றில் விழுந்தது.
ஏற்றினேன். எழுதினேன்:
கான்கிரீட் பாலம். அடியில் மரங்கள்.
மரங்களுக்கு மேலே, நடப்பவர்களின் காலுக்குக் கீழே,
பறந்துபோகும் ஒரு காகம்.

பத்து நாள் இருந்திருக்கும்.
யாரோ ஒரு நல்ல மனிதர், எந்த ஊரோ,
படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி
வானத்தை நீலமாக்கி
புதிய பதிப்பு ஏற்றியிருந்தார்.
குறிப்பில் எழுதியிருந்தார்:
'லென்ஸ் தூசி நீக்கப்பட்டது.'
மாற்று உரையை அவர் தொடவில்லை.
அது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இல்லையே.

பழைய பதிப்புக்கு மீட்கும் பொத்தான்மேல்
விரலை வைத்திருந்தேன்.
இருநூற்றிருபது பிக்சலில்
எனக்கே அது தூசியாகத்தான் தெரிந்தது.
ஃபோனில் பெர்லின் பக்கத்தை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.
'காக்கா வந்தாச்சு' என்றான்.
வெளியே மழை விட்டிருந்தது.
காலையில் பால்வெட்டு உண்டு.